வேலிக்கு வெளியே: அணுக்கரு இணைவும் அதன் அண்டை மக்களும்

இந்தியாவில் அணுமின் நிலையம் ஒன்று அமையும்போது, அதைச் சுற்றி மக்கள் குடியிருக்கக் கூடாத ஒரு விலக்கு வட்டம் வரையப்படுகிறது. அதற்கும் அப்பால், விபத்து நேர்ந்தால் மக்களை வெளியேற்றுவது முதல் அயோடின் மாத்திரை வழங்குவது வரையான ஏற்பாடுகளை முன்கூட்டியே திட்டமிட்டு வைத்திருக்க வேண்டிய, ஏறத்தாழ 16 கிலோமீட்டர் ஆரமுள்ள அவசரநிலைத் திட்ட வட்டம் ஒன்றும் வரையப்படுகிறது. சென்னைக்கு மேற்கே ஆவடி மாநகராட்சிப் பகுதியில் உள்ள கோவில்பதாகை, அணுமின் நிலையம் உள்ள கல்பாக்கத்திலிருந்து நேர்கோட்டில் 60 கிலோமீட்டருக்குச் சற்றுக் கூடுதலான தூரத்தில் இருப்பதால், அவ்வூர் மக்கள் இந்த வட்டங்கள் எதற்குள்ளும் வருவதில்லை. அணுக்கரு இணைவிலிருந்து மின்சாரம் பெற முயலும் அறிவியலாளர்களோ, தங்கள் உலைக்கு இத்தகைய பெருவட்டமே வேண்டியிராது என்றும், நினைத்துப் பார்க்கக்கூடிய மிக மோசமான விபத்திலும் வேலிக்கு வெளியே வசிப்பவர் எவரையும் வீட்டை விட்டு வெளியேறச் சொல்லும் நிலை வராதபடி அதை வடிவமைக்க இயலும் என்றும் கூறுகிறார்கள். இது மெய்யானால், பெருநகரின் ஓரத்தில், மூடப்பட்ட அனல்மின் நிலையம் ஒன்றின் மனையிலேயே இணைவு உலையை நிறுவலாம். கல்பாக்கத்துக்குத் தொலைவில் இருக்கும் கோவில்பதாகை, அத்தகைய உலைக்கு அண்டை ஊராகிவிடலாம். அந்த வாக்குறுதியை யார், எந்த அளவுகோலால் சோதிப்பது, அந்தச் சோதனையில் அண்டை மக்களுக்கு என்ன இடம் என்பவையே பல நாடுகளில் பல்கலைக்கழகங்கள் இப்போது ஆராயும் கேள்விகள். தமிழ்நாட்டில் அவை இன்னும் உரிய கவனத்தைப் பெறவில்லை.

வாக்குறுதிக்கு அடிப்படையாக உள்ள இயற்பியல் உறுதியானது. ஒரே தனிமத்தைச் சேர்ந்தவையாயினும் கருவில் உள்ள நியூட்ரான்களின் எண்ணிக்கையில் வேறுபடும் அணுக்கள் ஐசோடோப்புகள் எனப்படுகின்றன. ஹைட்ரஜனின் கனமான ஐசோடோப்புகளான டியூட்டீரியமும் டிரிட்டியமும் மோதி ஒன்றிணையும்போது ஹீலியம் கரு ஒன்றும் நியூட்ரான் ஒன்றும் பிறக்கின்றன. ஒவ்வோர் இணைவிலும் 1.76 கோடி எலக்ட்ரான் வோல்ட் ஆற்றல் வெளிப்பட, அதில் ஐந்தில் நான்கு பங்கை நியூட்ரானே எடுத்துச் செல்கிறது. நேர்மின்னூட்டம் கொண்ட இரு கருக்கள் ஒன்றையொன்று விலக்கும் விசையை மீறி நெருங்க வேண்டுமானால், எரிபொருள் 15 கோடி டிகிரி செல்சியஸ் அளவுக்குச் சூடாக்கப்பட்டு, எலக்ட்ரான்கள் பிரிந்த பிளாஸ்மா நிலையை அடைய வேண்டும். அவ்வளவு சூடான பொருளை எந்தக் கலமும் தாங்காது என்பதால், வளைய வடிவக் கூடம் ஒன்றினுள் காந்தப்புலத்தால் அது சுவரில் படாமல் நிறுத்தப்படுகிறது. இந்த அமைப்புக்கு டோகமாக் என்று பெயர்.

பிரான்சின் கதராஷ் என்னுமிடத்தில் இந்தியா உட்பட ஏழு உறுப்பினர்கள் சேர்ந்து கட்டிவரும் ஈட்டர் டோகமாக்கில், 840 கனமீட்டர் பருமனுள்ள பிளாஸ்மாவில் எந்தத் தருணத்திலும் இருக்கப்போகும் எரிபொருள் ஏறத்தாழ ஒரு கிராம் மட்டுமே. கூடங்குளத்தில் உள்ளவை போன்ற, அணுக்கருவைப் பிளந்து ஆற்றல் பெறும் பிளவு உலைகளிலோ மாதக்கணக்கில் எரியத்தக்க எரிபொருள் உலையின் உள்ளேயே இருக்கிறது. ஒரு பிளவு அடுத்த பிளவைத் தூண்டும் தொடர்வினையை நிறுத்திய பின்னும் பிளவுத் துணுக்குகளின் சிதைவால் வெப்பம் பிறந்துகொண்டே இருப்பதால், குளிர்விப்பு தடைப்பட்டால் உள்ளகம் உருகிவிடும். 2011 மார்ச்சில் ஃபுகுஷிமாவில் நிகழ்ந்தது அதுவே. இணைவில் தொடர்வினை என்ற ஒன்றே இல்லை. காந்தப்புலம் தடுமாறினாலும், சுவரிலிருந்து சிறிதளவு மாசு கலந்தாலும், எரிபொருள் வரத்து நின்றாலும் பிளாஸ்மா சில நொடிகளில் குளிர்ந்து அணைந்துவிடுகிறது. அதைப் பற்றவைப்பதும் எரியவைத்துக்கொண்டே இருப்பதும்தான் கடினம் என்பதை, பிரிட்டனின் ஜெட் டோகமாக் 2023-இல் படைத்த உலகச் சாதனையே காட்டுகிறது: 0.2 மில்லிகிராம் எரிபொருளிலிருந்து அது ஈந்த 69 மெகாஜூல் ஆற்றல், வீட்டு மின் கணக்கின்படி சொன்னால் ஏறத்தாழ 19 யூனிட். அதுவும் மின்சாரமாக மாற்றப்படாத ஆற்றல்.

ஆயினும், கட்டுமீறிய தொடர்வினை இராது என்பதிலிருந்து ஆபத்தே இராது என்ற முடிவுக்குத் தாவுவது பெரும் பிழை. இணைவு உலையின் ஆபத்துகள் வேறு வகையானவை. அவற்றுள் முதலாவதும் அண்டை மக்களை நேரடியாகத் தொடுவதும் டிரிட்டியம்.

டிரிட்டியத்தின் அரை ஆயுள், அதாவது ஓர் அளவு பாதியாகச் சிதைய ஆகும் காலம், 12.3 ஆண்டுகள். அது உமிழும் பீட்டாக் கதிர் மிக வலுக்குறைந்தது. தோலின் மேலடுக்கைக்கூடக் கடக்காது. ஆனால் டிரிட்டியம் வேதியியல் முறையில் ஹைட்ரஜனே என்பதால், ஆக்சிஜனோடு சேர்ந்து நீராகி, மூச்சின் வழியாகவும் குடிநீர் வழியாகவும் தோல் வழியாகவும் உடலுக்குள் நுழைகிறது. உட்சென்ற டிரிட்டிய நீரில் பாதி ஏறத்தாழ பத்து நாட்களில் சிறுநீராகவும் வியர்வையாகவும் வெளியேறுகிறது. நிறைய நீர் பருகி நிறைய வியர்ப்பவர்களுக்கு இந்தக் காலம் குறையும். ஒரு சிறு பங்கு, கரிமச் சேர்மங்களோடு பிணைந்து திசுக்களில் தங்கி, மெதுவாகவே நீங்குகிறது. ஆகவே டிரிட்டியம் சார்ந்த பாதுகாப்பு ஆய்வு என்பது பெரும்பகுதி நீரைப் பற்றிய ஆய்வாகவே அமைகிறது: மழை, மண் ஈரம், ஏரி, நெற்பயிர், மீன், மனித உடல் ஆகியவற்றின் வழியே நீர் எப்படி நகர்கிறது என்று அறிந்தால்தான் டிரிட்டியம் எங்கே போகும் என்று சொல்ல முடியும்.

இத்தகைய ஆய்வுக்கு இந்தியாவில் ஏற்கெனவே ஒரு மரபு உண்டு. கல்பாக்கத்தில் 1984-லும் 1986-லும் வணிக அளவில் இயங்கத் தொடங்கிய இரு உலைகளும், கர்நாடகத்தின் கைகா உலைகளும் கனநீர் உலைகள். கனநீரில் உள்ள டியூட்டீரியம் நியூட்ரானை ஏற்று டிரிட்டியமாக மாறுவதால், இந்த நிலையங்களைச் சுற்றிலும் காற்றின் ஈரத்திலும் நீர்நிலைகளிலும் டிரிட்டியத்தை அளப்பது நீண்ட காலமாக நடந்துவருகிறது. மங்களூர்ப் பல்கலைக்கழகத்தின் சுற்றுச்சூழல் கதிரியக்க உயராய்வு மையம், கைகாவைச் சுற்றியுள்ள காற்று, நீர், உணவுப் பொருள்கள் ஆகியவற்றில் டிரிட்டியத்தை ஆராய்ந்து முடிவுகளை அறிவியல் இதழ்களில் வெளியிட்டுவருகிறது. உலையை நடத்தும் நிறுவனத்தின் கணக்கேடுகளுக்கு வெளியே, பல்கலைக்கழகம் ஒன்று அளந்து எவரும் படிக்கும்படி வெளியிடுவது என்ற இந்த ஏற்பாடு, இணைவுக் காலத்துக்கு மிகவும் தேவையான முன்மாதிரி. ஏனெனில் இணைவு உலைக்கு டிரிட்டியம் பக்கவிளைபொருள் மட்டுமன்று, எரிபொருளே அதுதான். இணைவு ஆற்றலாக 1,000 மெகாவாட்டை ஓராண்டு இடைவிடாது தரும் உலை ஏறத்தாழ 56 கிலோகிராம் டிரிட்டியத்தை எரிக்கும். உலகின் கனநீர் உலைகளிலிருந்து பிரித்தெடுத்துச் சேர்த்த குடிசார் இருப்போ சில பத்து கிலோகிராம் அளவே. எனவே லித்தியம் அடங்கிய போர்வை ஒன்றைப் பிளாஸ்மாவைச் சுற்றி அமைத்து, வெளிவரும் நியூட்ரான்களைக் கொண்டு உலை தன் டிரிட்டியத்தைத் தானே ஈன்றுகொள்ள வேண்டும். இப்படி ஈனப்படும் டிரிட்டியம் சூடான உலோகச் சுவர்களின் ஊடாகவே கசிந்து பரவும் இயல்புடையது என்பதால், விபத்தே நேராத நாளிலும் சிறிதளவு வெளியேறிக்கொண்டிருக்கும்.

எவ்வளவு வெளியேறினால் ஏற்கலாம் என்ற கேள்வியில்தான் இயற்பியல் முடிந்து சமூகம் தொடங்குகிறது. இதைச் சென்னைவாசிகள் அறிந்த ஒரு நீர்நிலையைக் கொண்டு கணக்கிட்டுப் பார்க்கலாம். புழல் ஏரியின் முழுக் கொள்ளளவு 3.3 டிஎம்சி, அதாவது ஏறத்தாழ 9,340 கோடி லிட்டர். ஒரு கிராம் டிரிட்டியத்தில் நொடிக்கு ஏறத்தாழ 360 லட்சம் கோடி அணுக்கள் சிதைகின்றன. நொடிக்கு ஒரு சிதைவு என்பது ஒரு பெக்கரெல். உண்மையில் காற்றில் கலந்த டிரிட்டியம் பரந்து சிதறி, அதில் சிறுபகுதியே ஓர் ஏரியை அடையும் என்றாலும், ஒரு கிராம் முழுவதும் நிரம்பிய புழல் ஏரியில் சீராகக் கலந்துவிட்டதாக வைத்துக்கொண்டால், லிட்டருக்கு ஏறத்தாழ 3,900 பெக்கரெல் வரும். உலக சுகாதார நிறுவனத்தின் குடிநீர் வழிகாட்டு அளவு லிட்டருக்கு 10,000 பெக்கரெல். அந்த அளவுகோலின்படி அந்த நீரைக் குடிக்கலாம். அமெரிக்காவின் வரம்பு 740 பெக்கரெல். அதன்படி குடிக்கக் கூடாது. ஐரோப்பிய ஒன்றியமோ 100 பெக்கரெலைத் தாண்டினாலே காரணத்தை ஆராய வேண்டும் என்கிறது. ஒரே நீர், ஒரே டிரிட்டியம், மூன்று முடிவுகள். இவற்றுள் எது சரி என்பதை எந்த ஆய்வுக்கூடமும் தனியாகத் தீர்த்துவைக்க இயலாது. எவ்வளவு சிறிய இடரையும் தவிர்க்க எவ்வளவு செலவிடலாம், முடிவெடுக்கும்போது அந்த நீரைக் குடிப்பவர்கள் கேட்கப்பட்டார்களா என்பவை அந்த எண்களுக்குள்ளேயே புதைந்துள்ளன.

புழலை இங்கே எடுத்துக்காட்டாகக் கொண்டதற்குக் காரணம் உண்டு. பிரிட்டன் தன் முதல் இணைவு மின் நிலையத் திட்டத்துக்கு, நாட்டிங்ஹாம்ஷரில் உள்ள வெஸ்ட் பர்ட்டன் நிலக்கரி மின் நிலைய மனையை 2022 அக்டோபரில் தேர்ந்தெடுத்தது. உயரழுத்த மின்கம்பிகளும் குளிர்நீர் வசதியும் தொழில்திறன் பெற்ற மக்களும் அங்கே முன்பே இருப்பது அந்தத் தேர்வை எளிதாக்கியது. இதே தருக்கத்தைச் சென்னையில் பொருத்திப் பார்ப்பவர் கண்ணில் முதலில் படுவது, 2017-இல் மூடப்பட்ட எண்ணூர் அனல்மின் நிலையம். எந்த அரசும் அப்படியொரு திட்டத்தை அறிவிக்கவில்லை. சிந்தனைக்கு மட்டும் அதை எடுத்துக்கொண்டால், எண்ணூரிலிருந்து தென்மேற்கே ஏறத்தாழ 25 கிலோமீட்டரில் கோவில்பதாகையும், அவ்விரண்டுக்கும் இடையே புழலும் வருகின்றன. அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவக்காற்று கடலிலிருந்து இதே திசையில் உள்நாட்டை நோக்கி வீச, அந்த மாதங்களில்தான் சென்னையின் ஏரிகளை நிரப்பும் மழையும் பெய்கிறது. காற்றில் உள்ள டிரிட்டிய நீராவியை மழை கழுவித் தரையில் சேர்க்கிறது. குளிர்மண்டல நாடுகளின் காற்றையும் மழையையும் கோதுமையையும் பாலையும் கருத்திற்கொண்டு எழுதப்பட்ட கணினி மாதிரிகள், மூன்றே மாதங்களில் ஆண்டு மழையின் பெரும்பகுதியைப் பெறும், அரிசியும் மீனும் உண்ணும் ஒரு கடலோரத்துக்கு அப்படியே பொருந்தா. இந்தக் கடலோரத்துக்கு ஏற்ற மாதிரிகளை எழுதும் வேலையை வேறு நாட்டார் யாரும் செய்து தரப்போவதில்லை.

எண்ணூரில் வேறொரு பாடமும் இருக்கிறது. இணைவு நிலையமும் இறுதியில் நீரைக் கொதிக்கவைத்து விசையாழியைச் சுழற்றும் வெப்பமின் நிலையமே. 1,000 மெகாவாட் மின்சாரம் தர அது ஏறத்தாழ இருமடங்கு வெப்பத்தைக் கடலிலோ காற்றிலோ கொட்ட வேண்டியிருக்கும். அனல்மின் நிலையங்களின் சுடுநீரையும் சாம்பலையும் ஏற்று நலிந்த கொசஸ்தலை ஆற்று முகத்துவாரத்தின் மீனவர்கள், 2023 டிசம்பரில் எண்ணெய்க் கசிவையும் அதே மாதத்தில் அமோனியா வாயுக் கசிவையும் அடுத்தடுத்துக் கண்டவர்கள். அவர்களிடம் இணைவைப் பற்றிப் பேசப் போகும் ஆய்வாளர் டிரிட்டியத்தைப் பற்றிய விளக்கங்களோடு செல்வார். அவர்கள் முதலில் கேட்கக்கூடியது சுடுநீர் எங்கே விடப்படும், மீன்பாடு என்னவாகும், நள்ளிரவில் ஏதேனும் கசிந்தால் யார் வந்து கதவைத் தட்டிச் சொல்வார்கள் என்பவையாகவே இருக்கும். பாதுகாப்பு ஆய்வு இந்தக் கேள்விகளிலிருந்து தொடங்கினால் அதன் பட்டியலே மாறிவிடும்.

இரண்டாவது ஆபத்து உலையின் உடலிலேயே விளைகிறது. இணைவில் பிறக்கும் அதிவேக நியூட்ரான்கள் சுற்றியுள்ள எஃகைத் தாக்கி, அதிலுள்ள அணுக்கள் சிலவற்றைக் கதிரியக்க அணுக்களாக மாற்றிவிடுகின்றன. எந்த அணுக்களாக மாறும் என்பது எஃகின் கலவையைப் பொறுத்தது. சாதாரண உயர்வெப்ப எஃகில் வலுவுக்காகச் சேர்க்கப்படும் நியோபியம், நியூட்ரானை ஏற்று, 20,000 ஆண்டு அரை ஆயுளுடைய ஐசோடோப்பாகிறது. அதைத் தவிர்க்க, நியோபியத்துக்கும் மாலிப்டினத்துக்கும் பதிலாக டான்டலத்தையும் டங்ஸ்டனையும் சேர்த்து, கதிரியக்கத்தன்மை விரைவில் தணியும் சிறப்பு எஃகுகளை உருவாக்கியிருக்கிறார்கள். இந்தியாவுக்கான அத்தகைய எஃகை வடித்தெடுத்ததில் தமிழ்நாட்டுக்குப் பெரும் பங்கு உண்டு: கல்பாக்கத்தின் இந்திரா காந்தி அணு ஆராய்ச்சி மையம், காந்திநகர் பிளாஸ்மா ஆராய்ச்சிக் கழகத்தோடும் ஹைதராபாதின் மிதானி நிறுவனத்தோடும் சேர்ந்து, 9 விழுக்காடு குரோமியமும் 1.4 விழுக்காடு டங்ஸ்டனும் 0.06 விழுக்காடு டான்டலமும் கொண்ட கலவையைத் தேர்ந்தது. டங்ஸ்டன் கூடினால் ஒரு பண்பு உயர்ந்து மற்றொன்று தாழும். அந்தச் சமநிலையைக் காண எஃகை உருக்கி, உருட்டி, இழுத்து, நீண்டகாலச் சுமையில் வைத்துப் பார்த்த பொறுமையான உழைப்பு அதன் பின்னே உள்ளது. எஃகு தயாரிக்கும்போது பத்து லட்சத்தில் சில பங்கு அளவுக்கு நியோபியம் மாசாகக் கலந்தாலும் இதன் பயன் கெடும் என்பதால், பல நூறு ஆண்டுக்காலக் கழிவின் தன்மை, உருக்காலையின் தூய்மைக் கட்டுப்பாட்டில் தீர்மானிக்கப்படுகிறது.

கழிவைப் பற்றிய பேச்சில் நேர்மை இன்றியமையாதது. இணைவில் பல்லாயிரம் ஆண்டு காக்க வேண்டிய எரிந்த எரிபொருள் இராது, கலவை சரியாக அமைந்தால் நூறு ஆண்டு அளவில் எஃகின் பெரும்பகுதியைக் கையாளும் நிலை வரும் என்பது உண்மை. அதே நேரத்தில், கழிவின் கடுமை குறைந்தாலும் அதன் பருமன் பிளவு உலையினதைவிடக் கூடுதலாக இருக்கும் என்பதும் உண்மை; அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் லைலா எல்-கெபாலி பல பத்தாண்டுகளாக நடத்திய கணக்கீடுகள் இதை வெளிப்படையாகச் சொல்லி, புதைப்பதைவிட மறுசுழற்சியை நாட வேண்டும் என்று வற்புறுத்தின. கழிவே இராது என்று விளம்பரம் செய்பவர்கள், உலை கட்டப்பட்ட பின் அந்தக் கழிவைக் காணப்போகும் மக்களின் நம்பிக்கையை இன்றே செலவழித்துவிடுகிறார்கள்.

மூன்றாவதாக, மின்தடையின்றி மின்னோட்டத்தைக் கடத்தும் மீக்கடத்துக் காந்தங்களில் தேங்கும் ஆற்றல், டங்ஸ்டன் தூசி, அக்காந்தங்களைக் குளிர்விக்கும் திரவ ஹீலியம் ஆவியாகி மூச்சுக்காற்றை அகற்றிவிடுவது ஆகியவை தொழிலாளர்களைச் சார்ந்த ஆபத்துகள். ஈட்டரின் காந்தங்கள் முழு அளவில் தேக்கும் 51 கிகாஜூல் ஆற்றல் 12 டன் வெடிமருந்துக்குச் சமம்; அது படிப்படியாக வடிக்கப்படாமல் ஓரிடத்தில் பீறிட்டால் என்னவாகும் என்பதற்கு, 2008 செப்டம்பரில் செர்ன் ஆய்வகத்தின் பெருந்துகள் மோதியில் பழுதான ஒரே மின் இணைப்பு, டன் கணக்கில் ஹீலியத்தை வெளியேற்றிப் பல காந்தங்களைச் சிதைத்தது சான்று. அன்று சுரங்கத்தில் எவரும் இல்லாததால் உயிர்ச்சேதம் இல்லை.

பாதுகாப்பு என்பது வடிவமைப்பு முடிந்த பிறகு சேர்க்கும் ஒன்றன்று என்பதை ஈட்டரின் வரலாறே கற்பித்திருக்கிறது. பிரெஞ்சுச் சட்டப்படி அது ஓர் அணுக்கரு நிலையமாகப் பதிவாகி, 2011-இல் பொதுமக்கள் கருத்துக் கேட்பும் 2012-இல் அரசாணையும் பெற்றே கட்டப்படுகிறது. 2022 ஜனவரியில் அந்நாட்டின் அணுப் பாதுகாப்பு ஆணையம், கதிர்வீச்சுத் தடுப்புச் சுவர்கள் போதுமானவையா என்பது உள்ளிட்ட ஐயங்களை எழுப்பி, டோகமாக்கின் பகுதிகளைப் பிணைக்கும் பணிக்கு அனுமதி தர மறுத்தது. 2024-இல் அறிவிக்கப்பட்ட புதிய திட்டம், உட்சுவருக்கு நச்சுத்தன்மை வாய்ந்த பெரிலியத்தைக் கைவிட்டு டங்ஸ்டனை ஏற்றது; டியூட்டீரியம்-டிரிட்டிய எரிப்பு 2039-க்குத் தள்ளிப்போனது. குஜராத்தின் ஹசீராவில் லார்சன் அண்டு டூப்ரோ வடித்த, 3,850 டன் எடையுள்ள வெற்றிடக் குளிர்கலத்தை ஈட்டருக்கு வழங்கிய நாடு இந்தியா. அந்தப் பெருமைக்கு இணையாக, இந்த ஒழுங்குமுறைப் பாடமும் அங்கிருந்து இங்கு வந்துசேர வேண்டும்.

அது இங்கே அவசரமாகத் தேவைப்படுவதற்குக் குறிப்பான காரணம் ஒன்று உண்டு. 1986-இல் தனிக் கழகமாகி, 1989-இல் ஆதித்யா டோகமாக்கை இயக்கிய காந்திநகர்க் கழகத்தின் ஆய்வாளர்கள், 2025-இல் நாட்டுக்கு ஒரு வழித்திட்டத்தை முன்வைத்தார்கள். அதில் முதலில் வருவது எஸ்எஸ்டி-பாரத் என்னும் கலப்பு உலை. அதன் 130 மெகாவாட்டில் 100 மெகாவாட், நியூட்ரான்களால் தூண்டப்படும் பிளவிலிருந்து வரும். 2060 அளவில் 250 மெகாவாட் இணைவுச் செய்முறை உலை என்பது அடுத்த இலக்கு. தொழில்நுட்ப நோக்கில் கலப்பு உலை புத்திசாலித்தனமான இடைப்படியாக இருக்கலாம். ஆனால் பிளவு நுழைந்த அக்கணமே பிளவுத் துணுக்குகளும் சிதைவு வெப்பமும் நெடுங்காலக் கழிவும் உடன் நுழைகின்றன. தூய இணைவுக்காகச் சொல்லப்படும் பாதுகாப்பு வாதங்களை அந்த உலைக்காகச் சொல்வது பொய்யாகிவிடும். பிரிட்டன் 2023-இல் சட்டம் இயற்றி, இணைவு நிலையங்களைப் பிளவு உலைகளுக்கான மனை உரிம முறையிலிருந்து விலக்கியது. அமெரிக்க அணு ஒழுங்குமுறை ஆணையமும் அதே ஆண்டில், மருத்துவத்திலும் தொழிலிலும் பயன்படும் கதிரியக்கப் பொருள்களுக்கான எளிய முறையில் அவற்றைக் கையாள முடிவெடுத்தது. இந்த முன்மாதிரிகளை அப்படியே எடுத்துக் கலப்பு உலைக்குப் போர்த்திவிடாமல் காப்பது இந்தியச் சட்ட ஆய்வாளர்களின் கடமை.

சமூக ஆய்வின் முன்னோடி முயற்சிகள் ஐரோப்பாவில் 1990-களின் பிற்பகுதியில் தொடங்கின. இணைவின் சமூக, பொருளாதார விளைவுகளை ஆராயும் ஒன்றிணைந்த திட்டம் ஒன்றின் பகுதியாக, இத்தாலியின் சார்டீனியாத் தீவில் உள்ள போர்த்தோ தோர்ரெஸ் நகரில் ஓர் இணைவு உலை அமைவதாக வைத்துக்கொண்டு உள்ளூர் மக்களோடு கலந்துரையாடல்கள் நடத்தப்பட்டன. அண்மையில் அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் அதிதி வர்மாவின் குழு, பொறியியல் மாணவர்களையும் ஊர் மக்களையும் ஒன்றாக அமர்த்தி, கற்பனையான இணைவு நிலையம் ஒன்றைச் சேர்ந்தே வடிவமைக்கச் செய்துவருகிறது. மக்களுக்கு விளக்கிச் சொல்வது என்ற பழைய எண்ணத்திலிருந்து, மக்களோடு சேர்ந்து தீர்மானிப்பது என்ற நிலைக்கு ஆய்வு நகர்ந்திருப்பதை இவ்விரு முயற்சிகளும் காட்டுகின்றன.

தமிழ்நாட்டுக்கு இந்தப் பாடம் கூடங்குளத்திலும், அதைவிடத் தெளிவாகத் தேனி மாவட்டத்தின் பொட்டிப்புரத்திலும் கிடைத்தது. கூடங்குளத்துக்கான ஒப்பந்தம் 1988-இல் கையெழுத்தாகி, கட்டுமானம் ஏறத்தாழ முடிந்த நிலையில், 2011-இல் இடிந்தகரையில் எழுந்த போராட்டத்துக்குப் பிறகே வல்லுநர் குழுக்கள் ஊர் மக்களின் கேள்விகளுக்குப் பதில் எழுதத் தொடங்கின. உச்ச நீதிமன்றம் 2013 மே மாதத்தில் உலையை அனுமதித்தபோது 15 கட்டளைகளையும் சேர்த்தே விதித்தது. பொட்டிப்புரத்தின் செய்தி வேறு. அங்கே திட்டமிடப்பட்ட நியூட்ரினோ ஆய்வகம் அணு உலையே அன்று. காற்றுமண்டலத்தில் இயற்கையாகத் தோன்றும் நியூட்ரினோ என்னும் நுண்துகள்களை, மலையடியில் 50,000 டன் இரும்புக் கருவியால் பார்ப்பது மட்டுமே அதன் நோக்கம். 2015 ஜனவரியில் ஏறத்தாழ 1,500 கோடி ரூபாய்க்கு மத்திய அமைச்சரவையின் ஒப்புதல் பெற்ற அத்திட்டத்தை, வைகோ தொடுத்த வழக்கில் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை அதே ஆண்டில் தடுத்தது. கேரளத்தின் மதிகெட்டான் சோலை தேசியப் பூங்கா அருகிலிருப்பது கணக்கில் கொள்ளப்படவில்லை என்பதால் 2017-இல் பசுமைத் தீர்ப்பாயம் அனுமதியை நிறுத்திவைத்தது. 2018-இல் மீண்டும் அனுமதி கிடைத்தும், 2022-இல் மாநில அரசு உச்ச நீதிமன்றத்தில் தன் எதிர்ப்பைப் பதிவு செய்தது. கதிர்வீச்சை உண்டாக்காத ஆய்வகத்தைக் கதிர்வீச்சின் பெயரால் எதிர்த்தவர்கள் இருந்தார்கள் என்பதைச் சுட்டி, அறிவியலாளர்கள் மக்களின் அறியாமையை நொந்துகொண்டார்கள். அந்த வருத்தத்தில் நியாயம் உண்டு. அதைவிடப் பெரிய உண்மை, மலையும் மேய்ச்சல் நிலமும் தண்ணீரும் பற்றிய கேள்விகளுக்கு, இடம் முடிவாவதற்கு முன்பே ஊர்ச் சபையில் அமர்ந்து பதில் சொல்ல எந்த ஏற்பாடும் இல்லாதிருந்தது என்பதே. மக்கள் ஒரு வினையின் இயற்பியலை மட்டும் எடைபோடுவதில்லை; அதைக் கொண்டுவரும் நிறுவனம் முன்பு எப்படி நடந்துகொண்டது என்பதையும் சேர்த்தே எடைபோடுகிறார்கள். அது பகுத்தறிவுக்கு ஒத்த செயலே.

கூடங்குளத்தையும் பொட்டிப்புரத்தையும் முன்னெடுத்த அதே அணுசக்தித் துறையின் வழியாகவே இணைவும் தமிழ்நாட்டுக்கு வரும் என்பதால், பொட்டிப்புரத்தின் நிழலும் அதனுடன் வரும். இதுவரை நாட்டின் இணைவுத் திட்டம் பல்கலைக்கழகங்களுக்கு வழங்கிய ஆய்வு நிதி பெரும்பாலும் பிளாஸ்மா, காந்தம், பொருளறிவியல் போன்ற துறைகளுக்கே சென்றது. சமூகவியலுக்கும் சட்டத்துக்கும் பொதுநலவியலுக்கும் அதில் தனியிடம் ஒதுக்க வேண்டும். சென்னையில் அதற்கான ஆற்றல் ஏற்கெனவே இருக்கிறது: நீரியலில் அண்ணா பல்கலைக்கழகமும், ஊரக, நகர்ப்புற வாழ்வை ஆராய்வதில் அடையாற்றில் உள்ள சென்னை வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனமும், கதிர்ப் பாதுகாப்பில் கல்பாக்கமும் ஒரு நாள் பயணத் தொலைவுக்குள் உள்ளன. தடித்த எஃகை வெட்டிப் பற்றவைப்பதில் அறுபது ஆண்டுத் தேர்ச்சி பெற்ற ஆவடி, அம்பத்தூர்த் தொழிற்கூடங்களுக்கு இணைவு புதிய வேலைகளைத் தருமா என்பதும் இதே ஆய்வின் பகுதியாக வேண்டும்.

இவை அனைத்துக்கும் முன்னால் செய்ய வேண்டிய எளிய பணி ஒன்று உண்டு. ஓர் உலை வந்த பின் டிரிட்டியம் கூடியதா என்று சொல்ல வேண்டுமானால், வருவதற்கு முன் எவ்வளவு இருந்தது என்று தெரிந்திருக்க வேண்டும். அந்தத் தொடக்க அளவை உலை இயங்கத் தொடங்கிய பிறகு பெற வழியே இல்லை. மழையிலும் ஏரியிலும் இயல்பாக உள்ள மிகச் சிறிய அளவு டிரிட்டியத்தை, நீரை மின்பகுப்பால் செறிவூட்டி, திரவ ஒளிர்வு எண்ணி என்னும் கருவியால் அளக்கும் முறை நன்கு நிலைபெற்றது. கல்லூரி மாணவர்கள் கற்றுக்கொள்ளக்கூடியது. புழல், செம்பரம்பாக்கம், கோவில்பதாகை ஏரிகளின் நீரையும், பருவமழையின் ஒவ்வொரு பெரிய பொழிவையும், உள்ளூர் நெல்லையும் எண்ணூர் மீனையும் ஆண்டுதோறும் அளந்து, முடிவுகளைத் தமிழில் அந்தந்த ஊர் மக்களுக்கு வெளியிடும் பணியை, எந்த உலையின் அறிவிப்புக்கும் காத்திராமல், மாநிலப் பல்கலைக்கழகங்கள் வரும் வடகிழக்குப் பருவத்திலேயே தொடங்க வேண்டும்.